மூச்சு வாங்குகிறவர்களின் அன்றாடம்: சிஓபிடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். திண்டுக்கல் பக்கம் ஒரு மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் பார்த்து மருந்துச் சீட்டு எழுதிய பிறகு, மூச்சுப் பயிற்சி கற்றுக்கொள்ள என் அறைக்கு வருவார்கள். டாக்டரிடம் கேட்க மறந்தது, கேட்கப் பயந்தது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். என் மாமியாருக்கும் ஆறு வருடமாக சிஓபிடி என்கிற இந்த நுரையீரல் நோய் இருப்பதால், வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் பெயரும் அளவும் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சீட்டுல சிஓபிடின்னு எழுதியிருக்கு. ஆஸ்துமாவுக்கு இன்னொரு பேரா இது?

இல்லை, இரண்டும் வேறு. இரண்டிலும் மூச்சுக்குழாய் சுருங்கும், வீசிங் சத்தம் வரும். ஆஸ்துமாவில் அந்தச் சுருக்கம் வந்து போகும். தாக்கல், அதாவது மூச்சிரைப்பு திடீரெனக் கூடுவது, இல்லாத நாளில் ஆள் சாதாரணமாக இருப்பார். சிஓபிடியில் குழாய்கள் தடித்து, காற்றுப் பைகளின் சுவர் சிதைந்து, உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் தங்கிவிடும். மருந்து கொடுத்தாலும் அந்த அடைப்பில் ஒரு பகுதி அப்படியே இருக்கும். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் மெதுவாக ஆரம்பிக்கும். தமிழில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எழுதுகிறார்கள். என் அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'சளி நோய்' என்றுதான் சொல்வார்கள்.

இந்தியாவில் 2016-ல் சுமார் 5.5 கோடி பேருக்கு இந்த நோய் இருந்ததாக ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. சுகர், பிரஷர் அளவுக்கு இதைப் பற்றிப் பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

இது ஒட்டிக்குமா? பேரப்பிள்ளையத் தூக்கலாமா?

ஒட்டாது. தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள். நெஞ்சு நோய்ப் பிரிவு என்ற போர்டைப் பார்த்ததும் காசநோய் ஞாபகம் வருவது இயல்புதான். தாம்பரம் சானடோரியம் 1928-ல் காசநோய்க்காகத்தான் தொடங்கப்பட்டது, நம் தாத்தா பாட்டிகளின் பயம் அங்கிருந்து வந்தது. ஆனால் இதற்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பு டிபி வந்து குணமானவர்களில் சிலருக்கு நுரையீரலில் தழும்பு நின்று, பிறகு இதே மாதிரி அடைப்பு வரும். கிருமி போயிருக்கும், மூச்சிரைப்பு தங்கியிருக்கும். பழைய டிபி ஃபைல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மறைக்க வேண்டாம்.

நான் பீடியத் தொட்டதே இல்ல. எனக்கு எப்படி வந்துச்சு?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கேட்கும்போதே குரலில் ஒரு வருத்தம் இருக்கும், ஏதோ கெட்ட பழக்கம் இருப்பதாக ஊர் நினைக்குமோ என்று. அடுப்புதான் காரணம், அம்மா. என் மாமியார் 35 வருடம் விறகு அடுப்பில் சமைத்தவர். ஜன்னல் இல்லாத ஓட்டு வீட்டு அடுக்களை. ஈர விறகும் சோளத்தட்டையும் வைத்து ஊதுகுழலால் ஊதி ஊதி எரிக்க வேண்டும். ஊதி முடித்ததும் அடுத்த மூச்சை இழுப்பது அந்தப் புகைக்குள்தான். கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். அவருக்கு இருமல் ஆரம்பித்தபோது யாரும் அடுப்பைச் சந்தேகப்படவில்லை, நானும்தான்.

பஞ்சாலைத் தூசி, கல் குவாரி, செங்கல் சூளை, சின்ன வயதில் அடிக்கடி வந்த நெஞ்சுச் சளி எல்லாமும் சேரும். இப்போது வீட்டில் இருக்கும் புகையையும் பாருங்கள். ஒரு கொசுவத்திச் சுருள் முழுசாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு சுருள் ஏற்றுவதை இன்றைக்கே நிறுத்தலாம். கொசுவலை கட்டுங்கள்.

ஊதுற டெஸ்ட்டுல 45 சதவீதம்னு வந்திருக்கு. பாதி நுரையீரல் போயிடுச்சா?

அப்படி அர்த்தம் இல்லை. உங்கள் வயது, உயரத்தில் நல்ல நுரையீரல் உள்ள ஒருவர் முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுவாரோ, அதில் 45 சதவீதத்தை நீங்கள் தள்ளுகிறீர்கள். நோயின் கடுமையைத் தரம் பிரிக்க டாக்டருக்கு இந்த எண் வேண்டும். 50-லிருந்து 80 வரை நடுத்தரம், 30-லிருந்து 50 வரை கடுமை என்று வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண்ணை வைத்து உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று சொல்ல முடியாது. 35 சதவீதத்தில் தினமும் ஆட்டுக்குத் தழை ஒடித்து வருகிற ஒரு பெரியவரைத் தெரியும். 60 சதவீதத்தில் கட்டிலை விட்டு இறங்காதவரையும் தெரியும். இதனால்தான் வாழ்க்கைத் தரத்தை அளக்கத் தனிக் கேள்வித்தாள்களே உண்டு. லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 1990-களின் தொடக்கத்தில் 50 கேள்விகளோடு ஒன்றைத் தயாரித்தார்கள். 2009-ல் கேட் என்ற எட்டுக் கேள்வித் தாள் வந்தது. இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், மாடி ஏறினால் மூச்சு, வீட்டு வேலை, வெளியே போகத் துணிச்சல், தூக்கம், தெம்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 5 வரை, மொத்தம் 40. கூடினால் மோசம், 2 புள்ளி குறைந்தாலே நல்ல மாற்றம்.

நான் தாளை எடுப்பதற்கு முன்னால் வேறொன்று கேட்பேன்: "இந்த ரெண்டு வருஷத்துல எதையெல்லாம் செய்யாம விட்டுட்டீங்க?" முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக வரும். டீக்கடைக்குப் போவதில்லை, மாடிக்கு வடகம் காயப்போடப் போவதில்லை, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தியே கிளம்பிவிடுகிறேன், போனில் மகளோடு நீளமாகப் பேசுவதில்லை. அந்தப் பட்டியலை அட்டையின் பின்பக்கம் எழுதி வைப்பேன். அதில் எதைத் திருப்பி வாங்கலாம் என்பதுதான் எனக்கும் அவர்களுக்கும் வேலை.

நாப்பது வருஷமா சிகரெட் பிடிக்கிறேன். இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது?

போனது திரும்பாது, ஆனால் போகிற வேகம் குறையும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களை 11 வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். புகையைத் தொடர்ந்த ஆண்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 66 மில்லி என்று ஊதும் திறன் குறைந்தது. ஆரம்பத்திலேயே விட்டவர்களுக்கு 30 மில்லிதான் குறைந்தது. 30 என்பது கிட்டத்தட்ட வயதாவதால் எல்லாருக்கும் குறைகிற அளவு. இந்த நோயில் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிற மாத்திரை எனக்குத் தெரிந்து இல்லை.

மன உறுதியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நிக்கோடின் சூயிங்கம், பேட்ச் எல்லாம் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண்ணில் பேசலாம். பீடிக்கும் இதே கதைதான். 'பீடி இலைதானே' என்று சொல்லாதீர்கள்.

இன்ஹேலர் ஆரம்பிச்சா அதுக்கே அடிமையாயிடுவோமாமே? மாத்திரையா கொடுத்துட்டா நல்லாருக்குமே?

கண்ணாடி போட்டால் கண் அடிமையாகிவிட்டது என்று சொல்வோமா? மருந்து வேண்டிய நோய், அதனால் தினமும் மருந்து. மாத்திரை வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிய பிறகுதான் நுரையீரலுக்கு வரும். இன்ஹேலர் நேராகப் போகிறது, அதனால் அளவும் குறைவு.

அதைவிடப் பெரிய பிரச்சினை, வாங்கியும் மருந்து உள்ளே போகாதது. வருகிறவர்களை என் முன்னாலேயே எடுக்கச் சொல்வேன். பாதிப் பேர் தவறாக எடுக்கிறார்கள் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. ஒருவர் ரோட்டாஹேலர் என்ற கருவியில் போட்டு இழுக்க வேண்டிய பவுடர் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார், எட்டு மாதமாக. பஃப் அடிக்கும் இன்ஹேலர் என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்க ஆரம்பித்ததும் அழுத்தி, 10 நொடி அடக்க வேண்டும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் ஸ்பேசர் குழாய் வைத்தால் இன்னும் சுலபம். பவுடர் கேப்சூல் என்றால் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர், கலந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

நடந்தா மூச்சு வாங்குது. அப்ப நடக்காம இருக்கிறதுதானே நல்லது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைப்பீர்கள். குறைத்ததால் தொடைச் சதை கரையும். கரைந்த சதை அதே தூரத்தை நடக்க அதிக ஆக்சிஜன் கேட்கும். அதனால் முன்பைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும், இன்னும் குறைப்பீர்கள். டீக்கடையிலிருந்து வாசல், வாசலிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து கட்டில் என்று உலகம் சுருங்கிக்கொண்டே வரும். இதில் நுரையீரல் செய்தது பாதி. மீதி, கால் செய்தது. நுரையீரலை நான் மாற்ற முடியாது. காலை மாற்றலாம்.

இதற்குத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. வாரம் இரண்டு மூன்று நாள், குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம். 2015-ல் 65 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூச்சிரைப்பு, களைப்பு, நடக்கும் தூரம், மனநிலை எல்லாமே தெளிவாக முன்னேறியிருந்தன, அதுவும் நோயாளிகள் தாங்களே உணரும் அளவுக்கு. ஊதுற டெஸ்ட் எண் மட்டும் பெரிதாக மாறாது. அதைப் பார்த்து மனம் விட வேண்டாம்.

பயிற்சி மையம் பக்கத்தில் இல்லையென்றால் டாக்டரிடம் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முதலில் 5 தடவை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோள் வரை தூக்குவது. சமதரையில் நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் நின்று, அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். முதல் நாள் மூன்று நிமிடம் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதுண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

திடீர்னு மூச்சு முட்டும்போது அந்த நேரத்துல என்ன செய்றது?

உட்காருங்கள். முன்பக்கம் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். நின்றுகொண்டிருந்தால் திண்ணையையோ சுவரையோ பிடித்துச் சாயலாம். கை ஊன்றியதும் தோள்பட்டைத் தசைகள் மூச்சுக்கு உதவிக்கு வரும். பிறகு மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவது போல மெதுவாக விடுங்கள். இழுக்க 2 எண்ணினால் விட 4 எண்ணுங்கள். முதல் பதிலில் சொன்னேனே, உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று என்று. உதட்டைக் குவித்தால் அந்தக் காற்று வெளியேற வழி கிடைக்கும். 'ஆழமா இழு, ஆழமா இழு' என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவது தப்பு. வெளியே விடச் சொல்லுங்கள்.

கையடக்க பேட்டரி விசிறியை முகத்துக்கு நேராக, கன்னத்திலும் மூக்கிலும் படும்படி வைத்தால் மூச்சுத் திணறல் உணர்வு குறைகிறது. பனையோலை விசிறியும் இதையே செய்யும். டாக்டர் சொன்ன அவசர இன்ஹேலர் இருந்தால் எடுங்கள். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் கீழே 'சளி பச்சையா வருது' கேள்வியைப் பாருங்கள்.

குளிச்சிட்டு வந்தா அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கு. இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போறது?

இதற்கு டாக்டர் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டும். என் மாமியாரைப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன். குனிந்து வாளியில் மொள்ள வேண்டும், மக்கைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், தண்ணீர் முகத்தில் விழும்போது தன்னை அறியாமல் மூச்சை அடக்குவார். அப்புறம் முதுகு தேய்க்க, தலை துவட்ட, இரண்டு கையும் மேலே. கையைத் தோளுக்கு மேல் தூக்கினால், ஊன்றிய கை கொடுத்த உதவி போய்விடும். 15 மக் தண்ணீர் என்றால் 15 தடவை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். முக்காலியில் உட்கார்ந்து குளியல். வாளியை இன்னொரு முக்காலி மேல் வைத்தோம், குனிய வேண்டாம். தலைக்கு ஊற்றுவதை வாரம் இரண்டு நாளாக்கினோம், அன்றைக்கு நாத்தனாரோ நானோ ஊற்றுவோம். ஆவி நிறையாதபடி கதவைச் சற்றுத் திறந்து வைப்போம். குளித்து முடித்ததும் துவட்டாமல் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அதுவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புடவையை விட்டு நைட்டிக்கு மாற மட்டும் ஒரு வருடம் சம்மதிக்கவில்லை. கடைசியில் தானே மாறினார், அதுவும் பக்கத்து வீட்டு அக்கா அணிந்ததைப் பார்த்து.

இதே கணக்கை மற்ற வேலைகளுக்கும் போடலாம். தலை வாரும்போது முழங்கையை மேஜையில் ஊன்றுங்கள். காய் நறுக்க அரிவாள்மனை முன் குத்துக்காலிட வேண்டாம், நாற்காலியும் கத்தியும் போதும். கழிப்பறையில் குந்த முடியாவிட்டால் மேலே வைக்கும் கமோடு நாற்காலி வாங்குங்கள். முக்கும்போது மூச்சை அடக்காமல் இருக்க மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்குவது, எழுவது, படி ஏறுவது எல்லாம் மூச்சை வெளியே விடும்போது.

ஆக்சிமீட்டர்ல 96 காட்டுது. ஆனா மூச்சு முட்டுதுங்கறார். நடிக்கிறாரா?

நடிக்கவில்லை. ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கிறது. மூச்சு விட உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்பதை அளப்பதில்லை. வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் தள்ளிக்கொண்டு போனார்கள் என்பது மாதிரி. 96-ல் திணறுபவரும் உண்டு, 86-ல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவரும் உண்டு.

கருவியும் ஏமாற்றும். நகப் பாலிஷ், சில்லிட்ட விரல், ஆடும் கை எல்லாம் எண்ணை மாற்றும். கருமை கூடிய தோலில் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டுவதும் உறுதியாகியிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இந்தக் கருவி இருக்கிறது, அரை மணிக்கொரு முறை விரலில் மாட்டி எல்லாரும் பதறுகிறார்கள். காலையில் ஓய்வாக இருக்கும்போது ஒரு தடவை, நடந்த பிறகு ஒரு தடவை எழுதி வைத்தால் போதும்.

வாழைப்பழம், தயிர், எலுமிச்சை எல்லாம் நிறுத்திட்டோம். வேற எதை நிறுத்தணும்?

நிறுத்தியதை முதலில் ஆரம்பியுங்கள். இந்த நோயில் மூச்சு விடுவதற்கே அதிக சக்தி செலவாகிறது. கடுமையான நிலையில் உடம்பு இளைப்பது ஆபத்து. அந்த நேரத்தில் பழம், தயிர், முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, வெறும் ரசம் சாதத்தில் வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். ஏதாவது ஒன்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அனுபவத்தில் தெரிந்தால் அதை மட்டும் விடுங்கள்.

வயிறு நிறைந்தால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்க இடம் இருக்காது. அதனால் மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரியுங்கள். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை என்று ஒவ்வொரு வேளையிலும் புரதம் ஏதாவது இருக்கட்டும். உடம்பு கனமாக இருப்பவர்களுக்கு இது வேறு கணக்கு, தொப்பையும் மூச்சை அழுத்தும்.

ஆடாதோடை, தூதுவளை சாப்பிடலாமா? ஹைதராபாத் மீன் மருந்துக்குக் கூட்டிட்டுப் போகவா?

தூதுவளை ரசம் தாராளமாக. ஆடாதோடையைச் சும்மா தள்ள முடியாது. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்து உருவானது, இன்றைய இருமல் சிரப்புகளில் அது இருக்கிறது. ஆனால் சளியை இளக்குவது வேறு, சிதைந்த காற்றுப் பையைச் சரிசெய்வது வேறு. இன்ஹேலரை நிறுத்திவிட்டுக் கஷாயம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சித்த மருத்துவரிடம் போனால் இரண்டு சீட்டையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள்.

பெயர் இல்லாத பொட்டலப் பொடியில் ஜாக்கிரதை. மூன்றே நாளில் இளைப்பு நின்றது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சுகர் ஏறும், எலும்பு தேயும். ஜூன் மாதம் மிருகசிர கார்த்தி என்ற நாளில் ஹைதராபாத்தில் உயிருள்ள விரால் குஞ்சை விழுங்க வைப்பது ஆஸ்துமாவுக்கு என்று சொல்லித்தான், அதற்கும் வேலை செய்வதாக நிரூபணம் இல்லை. மூச்சு முட்டுகிற மனிதரை அந்தக் கூட்டத்தில் நிறுத்த வேண்டாம்.

சளி பச்சையா வருது. ஆஸ்பத்திரிக்கு எப்ப ஓடணும்?

மூன்றைக் கவனியுங்கள்: வழக்கத்தைவிட மூச்சு வாங்குவது, சளி அளவு கூடுவது, நிறம் மாறுவது. இதில் இரண்டு சேர்ந்து இரண்டு நாள் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பெரிய தாக்கலும் கொஞ்சம் தெம்பை எடுத்துக்கொண்டு போகும், முழுசாகத் திருப்பித் தராது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, குழறுகிறார், காரணமில்லாமல் தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் உடனே 108. வருடம் ஒரு ஃப்ளூ ஊசியும், டாக்டர் சொல்லும் நிமோனியா ஊசியும் தாக்கல்களைக் குறைக்கும்.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கிடலாமா? கரண்ட் பில் எவ்வளவு வரும்?

முதலில் தேவையா என்று பாருங்கள். உடம்பு சீராக இருக்கும் நாளில், ஓய்வில், ஆக்சிஜன் 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டும். 1981-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் தினம் 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் ஐந்து வருடத்தில் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர். ஆனால் ஓய்வில் 89-லிருந்து 93 வரை இருப்பவர்களையும், நடந்தால் மட்டும் இறங்குகிறவர்களையும் வைத்து 738 பேரிடம் நடத்திய 2016 அமெரிக்க ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. மூச்சு முட்டுகிறது என்பதற்காக மட்டும் கடன் வாங்கி மெஷின் வாங்காதீர்கள். தேவைப்பட்டால் 15 மணி நேரம், தூங்கும் நேரமும் சேர்த்து. முட்டும்போது மட்டும் பத்து நிமிடம் வைப்பதில் அந்தப் பலன் இல்லை.

5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட். 15 மணி நேரத்துக்கு ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நம் ஊர் இரண்டு மாதப் பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும், ஸ்லாப் மாறும், இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கரண்ட் போனால் ஒரு பி டைப் சிலிண்டர் துணைக்கு வேண்டும். அதில் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் வரும். ஈரப்பத பாட்டில் தண்ணீரை தினமும் மாற்றுங்கள்.

சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எல்லாவற்றிலிருந்தும் பத்தடி தள்ளி. மூக்கு எரிகிறது என்று வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள். ஆக்சிஜனோடு எண்ணெய்ப் பசை சேர்ந்தால் ஒரு பொறி போதும், தீ பிடிக்கும். டியூப் மாட்டிக்கொண்டே பீடி பற்றவைத்து மூக்கைச் சுட்டுக்கொண்ட ஒருவருக்கு நானே கட்டுப் போட உதவியிருக்கிறேன்.

ரெண்டு லிட்டர்ல வைக்கச் சொன்னாங்க. அஞ்சுல வச்சா சீக்கிரம் சரியாகுமில்ல?

கூட்டவே கூடாது. இந்த நோயில் சிலருக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தாக்கல் நேரத்தில் இலக்கு 88-லிருந்து 92. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ்களை வைத்து 2010-ல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் அதிகமாகத் திறந்துவிடப்பட்ட நோயாளிகளில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம். வேறு ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் 'இவருக்கு சிஓபிடி, 88-92 போதும்' என்று முதலிலேயே சொல்லுங்கள். 100 காட்டினால்தான் நிம்மதி என்று நினைக்காதீர்கள்.

பேத்தி கல்யாணம் கொடைக்கானல்ல. போலாமா? பழனிக்கு வேண்டுதலும் இருக்கு.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கீழே கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் 2,400 மீட்டர் உயரம் வரைக்கும் சமமாக இருக்கலாம். அதனால் இரண்டுக்கும் ஒரே பதில்: கீழே ஓய்வில் ஆக்சிஜன் 95-க்கு மேல் இருந்து, சமீபத்தில் தாக்கல் இல்லாமல், நூறடி நடந்தால் திணறாதவர் பொதுவாகச் சமாளிப்பார். அதற்குக் கீழே என்றால் டாக்டரைக் கேட்டுத்தான் போக வேண்டும். சொந்த சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள், டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்தைக் கேளுங்கள். இன்ஹேலர் கைப்பையில்.

பழனியில் 693 படியை ஏறித்தான் வேண்டுதல் தீர வேண்டும் என்று முருகன் கேட்கவில்லை. வின்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. கூட்டமில்லாத சாதாரண நாளாகப் பாருங்கள். போகிப் புகைக்கும் தீபாவளிப் பட்டாசுக்கும் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பதுதான் வழி. துணி மாஸ்க் அந்தப் புகையைத் தடுக்காது.

எப்பப் பாத்தாலும் எரிஞ்சு விழறார். என்ன செஞ்சாலும் குத்தம்.

மூச்சு முட்டினால் பயம், பயந்தால் மூச்சு வேகமாகும், வேகமானால் இன்னும் முட்டும். ராத்திரி தூங்கினால் எழமாட்டோமோ என்று உட்கார்ந்தே விடிய வைப்பவர்கள் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல நம் ஆண்களுக்கு வராது, சாம்பாரில் உப்பு இல்லை என்றுதான் வரும். பதற்றமும் மனச்சோர்வும் இந்த நோயோடு மிக அதிகமாக வருகின்றன, சிகிச்சையும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லை, அழுகை, 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு என்றால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எல்லாவற்றையும் செய்துகொடுத்தால் நடைக் கேள்வியில் சொன்ன சுழலுக்குள் அவர் வேகமாகப் போவார். காபியை அவரே ஆற்றட்டும், நேரம் எடுக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வெளியே போய் வாருங்கள். அதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இதக் கேக்கக் கூச்சமா இருக்கு மேடம்… புருஷன் பொண்டாட்டியா இருக்கலாமா?

கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து கேட்பார்கள். இருக்கலாம். நிற்காமல் இரண்டு மாடிப்படி ஏற முடிந்தால் தாராளமாக, முடியாவிட்டாலும் நிதானமாக. சாப்பிட்ட உடனே வேண்டாம். டாக்டர் சொன்ன இன்ஹேலரை முன்னாடி எடுத்துக்கொள்ளலாம், சளியைக் காறித் துப்பிவிட்டு வரலாம். நெஞ்சில் பாரம் விழாதபடி பக்கவாட்டில் படுப்பதோ, நோய் இல்லாதவர் அதிகம் அசைவதோ நல்லது. ராத்திரி தெம்பு இல்லையென்றால் காலை நேரம் இருக்கிறது. ஆக்சிஜனோடு இருப்பவர்கள் டியூபைக் கழற்ற வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

2016 சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளில் நாட்பட்ட நுரையீரல் நோய் இல்லை. இரண்டு எட்டு வைத்தால் உட்காருகிறவருக்கு இது கிடைக்காதது அநியாயம் என்பது என் கருத்து. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் உள்நோயாளியாகச் சேரும்போது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னும் எத்தனை நாள்? கடைசியில வென்டிலேட்டர் வேண்டாம்னு அப்பா சொல்றார்.

நாள் கணக்கை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. புற்றுநோய் மாதிரி நேராக இறங்கும் நோய் இல்லை இது. தாக்கலில் தடாலென விழுவார், பாதி எழுவார், சில மாதம் சீராக இருப்பார். அதனால்தான் பேச்சைத் தள்ளிப் போடுகிறோம். வலி, மூச்சுத் திணறல் போன்ற அவதிகளைக் குறைக்கும் வலி நிவாரண மருத்துவம் (பாலியேட்டிவ் கேர்) என்றால் கடைசி வாரத்துக்கு என்று நினைக்காதீர்கள். எல்லா மருந்தும் சரியாக எடுத்தும் உட்கார்ந்த இடத்தில் திணறுகிறவர்களில் சிலருக்கு மிகக் குறைந்த அளவு மார்ஃபின் உதவுகிறது. அந்தத் துறையில் பழகிய டாக்டர்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

அப்பா வேண்டாம் என்கிறாரே, எது வேண்டாம் என்று கேளுங்கள். தொண்டையில் குழாய் போடுகிற வென்டிலேட்டர் வேறு, முகத்தில் மாஸ்க் மாட்டுகிற பைபாப் வேறு. பலர் இரண்டாவதை ஒத்துக்கொள்வார்கள், அது பல தாக்கல்களில் ஆளைக் காப்பாற்றியும் இருக்கிறது. அவர் நன்றாகப் பேசுகிற நாளில், டாக்டரும் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது பேசுங்கள். முன்கூட்டியே விருப்பத்தை எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று. எழுதியதை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். ராத்திரி 2 மணிக்கு 108 வரும்போது எடுத்துக்கொண்டு ஓடுகிற அதே மஞ்சள் பையில், ஊதுற டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கும் இன்ஹேலருக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.